மழை நாளில் மிச்சினோகு கடலோரப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஜூன் மாதத்தில் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் சில வாரங்கள் நடந்துவிட்டு வந்தேன். அதிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்பதெல்லாம் பெரும்பாலும் மழையைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

முதல்ல, இது எந்தப் பாதை? ஜப்பான்ல எந்தப் பக்கம் இருக்கு?

ஹோன்ஷு தீவின் வடகிழக்கே, பசிபிக் கரையை ஒட்டிப் போகும் நடைபாதை. வடக்கே அவோமோரி மாநிலத்தின் ஹச்சினொஹே நகரில் தொடங்கி, இவாதே, மியாகி வழியாகத் தெற்கே ஃபுகுஷிமா மாநிலத்தின் சோமாவில் முடிகிறது. நீளம் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 'மிச்சினோகு' என்பது அந்த நிலப்பகுதியின் பழைய பெயர். ஜப்பானியர்கள் இதை 'மிச்சினோகு ஷியோகாஸே டிரெயில்' என்கிறார்கள். ஷியோகாஸே என்றால் கடற்காற்று.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் அழித்த கரை இதுதான். அதன்பின் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம், மீட்புப் பணிகளில் ஒன்றாக இந்தப் பாதையைத் திட்டமிட்டுப் பகுதி பகுதியாகத் திறந்தது. முழுப் பாதையும் இணைந்தது 2019 ஜூனில். மலைப்பாதை, மீன்பிடித் துறை, கடற்கரை மணல், ஊர்த்தெரு, தார்ச்சாலை எல்லாம் கலந்துதான் இருக்கும். முழுக்கக் காட்டுவழி என்று நினைத்துப் போகாதீர்கள்.

எந்த மாசம் போனா மழையே இருக்காது?

அப்படி ஒரு மாதம் கிடையாது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை அங்கே 'த்சுயு' என்ற மழைக்காலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல்கள் வரக்கூடும். மே மாதமும் அக்டோபர் பிற்பாதியும் ஓரளவு தெளிவாக இருக்கும். ஆனால் மூன்று வாரம் நடந்தால் நான்கைந்து நாள் எப்படியும் நனைவீர்கள். மழையைத் தவிர்க்கத் தேதி தேடுவதைவிட, மழை நாளை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

நாம பார்க்காத மழையா? ஐப்பசி அடைமழைலயே ஆபீஸ் போறவங்க. இதுக்கு ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க?

இந்தக் கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நம் ஊர் மழை எவ்வளவு கொட்டினாலும் உடம்பை அவ்வளவாகக் குளிரவைக்காது. நனைந்தால் துவட்டிக்கொண்டு ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும். அந்தக் கரையில் பெய்வது வேறு மழை. வடக்கிலிருந்து ஓயாஷியோ என்ற குளிர் நீரோட்டம் இறங்கி வருகிறது. அதன் மேல் தவழ்ந்து வரும் வடகிழக்குக் காற்றுக்கு 'யமசே' என்று பெயர். நம் மொழியில் ஊதக்காற்று என்று சொல்லலாம். அது வீசும் நாட்களில் ஜூன் மாதத்திலும் பகல் முழுக்க 13, 14 டிகிரிதான், கூடவே மூடுபனி. கோடையில் யமசே நீடித்தால் நெல் பால் பிடிக்காமல் போகும். அந்த வட்டாரத்தின் பழைய பஞ்சங்களுக்கு இந்தக் காற்று ஒரு பெரிய காரணம்.

மழை பலமாகப் பெய்ய வேண்டும் என்றில்லை. மெல்லிய சாரல், 14 டிகிரி, காற்று, நனைந்த பருத்திச் சட்டை, ஐந்து மணி நேர நடை. இவ்வளவு போதும், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதலில் வெடவெடவென்று நடுக்கம். அப்புறம் விரல்கள் ஜிப்பைப் பிடிக்க மறுக்கும், நாக்கு குழறும். விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றாலே நடையை நிறுத்தி, கூரைக்குக் கீழே போய், ஈர உடையைக் கழற்றிவிட வேண்டும்.

குடை போதுமா, ரெயின்கோட் வாங்கணுமா?

மேல்சட்டை, கால்சட்டை இரண்டும் உள்ள நல்ல மழையுடை வேண்டும். இந்தப் பயணத்தில் பணத்தைச் சேமிக்கக் கூடாத ஒரே பொருள் அதுதான். பாஞ்சோ வகை, பாறை விளிம்பில் காற்று அடித்தால் முகத்தில் ஏறிக்கொள்ளும், கால் வைக்கும் இடம் தெரியாது. உள்ளே பருத்தி வேண்டாம். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை பனியன் போடுங்கள். ஜப்பானியர்கள் மழையுடையை 'கப்பா' என்கிறார்கள், போர்த்துகீசியர்கள் விட்டுச்சென்ற சொல். கடையில் கேட்க உதவும்.

குடையையும் விட வேண்டாம். ஊர்த்தெருவிலும் தார்ச்சாலையிலும் குடைதான் சுகம், வியர்க்காது. பாதை தொடங்கும் கபுஷிமாவில் மழை இல்லாத நாளிலும் குடை விரிக்கிறார்கள். அந்தக் குன்றில் ஆயிரக்கணக்கான கடற்காகங்கள் கூடு கட்டுகின்றன, தலைக்கு மேலிருந்து எச்சம் விழும். கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் குடை இரவல் தருகிறார்கள்.

பைக்குள்ள இருக்கற துணி நனையாம இருக்க என்ன வழி?

பைக்கு மேலே போடும் உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். எந்தக் கடையிலும் கிடைக்கும் 45 லிட்டர் குப்பைப் பையைப் பைக்கு உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். படுக்கும் உடை ஒரு செட்டும் ஒரு ஜோடி காலுறையும் தனியாக இன்னொரு பையில் இருக்கட்டும். என்ன ஆனாலும் அவற்றைப் பகலில் எடுக்கக் கூடாது. தாள் வரைபடத்துக்கும் ஒரு ஜிப் பை வேண்டும். ஈர விரலுக்குப் போன் திரை பல நேரம் பணியாது.

மழை நாள்னா நிஜமா எப்படி இருக்கும்? ஒரு நாளைச் சொல்லுங்களேன்.

ஃபுதாய் என்ற சிறு கிராமத்திலிருந்து கிதயாமசாகி பாறைகளுக்கு நடந்த நாளைச் சொல்கிறேன். காலையில் ஊர் ஒலிபெருக்கியில் மெல்லிய இசை வந்தது, அதோடு சாரலும் தொடங்கியது. ஊரைத் தாண்டியதும் ஃபுதாய் ஆற்றின் குறுக்கே நிற்கும் மதகு வருகிறது. 15.5 மீட்டர் உயரம், 205 மீட்டர் நீளம். சாலை அதன் அடியிலேயே போகிறது. மழை வலுத்ததால் அங்கே ஒதுங்கினேன். தலைக்கு மேலே கான்கிரீட், பக்கத்தில் மழைநீரில் மண்நிறமான ஆறு, ஒரே சீராகச் சொட்டும் சத்தம்.

அந்த மதகைக் கட்டவைத்தவர் வாமுரா கோதோகு என்ற ஊர்த்தலைவர். 1896, 1933 சுனாமிகளில் அந்தச் சிறிய ஊர் 400-க்கு மேற்பட்டவர்களை இழந்திருந்தது. இவ்வளவு உயரம் எதற்கு, வீண் செலவு என்று பலரும் எதிர்த்தபோதும் அவர் விடவில்லை. மதகு 1984-ல் முடிந்தது. அவர் 1997-ல் காலமானார். 2011-ல் அலை மதகின் உச்சியையும் தாண்டியது, ஆனாலும் பின்னால் இருந்த ஊர் தப்பியது. தன் படகைப் பார்க்கத் துறைக்குப் போன ஒருவர் மட்டும் காணாமல் போனார். வெயில் நாளாக இருந்திருந்தால் நான் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். மழையால் அரைமணி நேரம் அதன் நிழலில் நின்றேன். அந்த மனிதரைப் பற்றி முன்பே படித்திருந்தேன். அவர் எதைக் கட்டினார் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அப்புறம் குரோசாகி முனை. அங்கே வடக்கு அட்சரேகை 40 டிகிரியைக் குறிக்கும் சின்னம் இருக்கிறது. அதன்பின் காட்டுக்குள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. பிற்பகலில் கிதயாமசாகி போய்ச் சேர்ந்தபோது மூடுபனி எல்லாவற்றையும் மறைத்திருந்தது. அங்கிருந்த கடையில் ஒரு அம்மா என் பைக்கு அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சூடான தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

மூடுபனில ஒண்ணும் தெரியாதுன்னா, அப்புறம் எதுக்கு நடக்கணும்?

கிதயாமசாகி என்றால் ஏறத்தாழ 200 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறைகள், எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். எனக்கு அன்று கண்ணில் பட்டது வெள்ளை மட்டும். ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தூரம் மறைந்தால் பக்கம் தெரியத் தொடங்குகிறது. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒரு வெள்ளை ரோடோடென்ட்ரான் பூத்திருந்தது. அந்தப் பாறைமேல் ஜூனில் பூப்பது. ஒவ்வொரு இதழின் நுனியிலும் ஒரு சொட்டு, அது விழுந்ததும் இதழ் துள்ளி எழும், அடுத்த சொட்டு திரளத் தொடங்கும். கீழே கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலிருந்து அலைச்சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. உயரம் எவ்வளவு என்று அந்தச் சத்தம் சொன்னது.

கிதயாமசாகிக்குக் கீழ சுரங்கம், ஏணி, சங்கிலி எல்லாம் இருக்காமே? மழைல போகலாமா?

கிதயாமசாகிக்கும் த்சுகுவேஹமா என்ற மீனவர் துறைக்கும் இடையே கடல் மட்டத்தில் போகும் துண்டைத்தான் கேட்கிறீர்கள். கையால் குடைந்த சுரங்கங்கள் இருக்கின்றன, உள்ளே கும்மிருட்டு, தலைவிளக்கு இல்லாமல் முடியாது. செங்குத்தான படிகள், பிடித்து இறங்கும் இடங்கள், கூழாங்கல் கரை எல்லாம் உண்டு. பாதையிலேயே மிகச் சுவையான துண்டுகளில் ஒன்று.

மழையில் போகாதீர்கள். வழுக்கல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கரைத்துண்டுகளில் அலை பாதையையே தொடும், ஓடைகள் கடலில் சேருமிடம் பெருகியிருக்கும், மேலிருந்து கல்லும் விழலாம். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டால் ஏற வழியில்லை. நான் அன்று மேலேயே தார்ச்சாலையில் நடந்து தனோஹதா ரயில் நிலையத்துக்கு இறங்கிவிட்டேன். இந்தப் பாதையை ஒருங்கிணைப்பது மிச்சினோகு டிரெயில் கிளப் என்ற அமைப்பு. அடைப்புகளையும் மாற்றுவழிகளையும் அவர்கள் வெளியிடுகிறார்கள், முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

நடுவுல ரயில் ஏறிட்டா "முழுசா நடந்தேன்"னு சொல்ல முடியாதே?

யாரிடம் சொல்ல வேண்டும்? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: மழை நாளில் ரயில் ஏறுவது இந்தப் பயணத்தின் ஒரு பகுதி. குஜியிலிருந்து சகாரி வரை 163 கிலோமீட்டர் கரையோரம் ஓடும் சன்ரிகு ரயில், அந்த ஊர்களின் உயிர்நாடி. 2011-ல் பாலமும் நிலையமும் போயின. ஷிமானொகோஷி நிலையம் சுவடில்லாமல் அழிந்தது, திரும்பக் கட்டினார்கள். 2019 மார்ச்சில் முழுத்தடமும் ஒன்றாக ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் புயல் மறுபடி உடைத்தது. 2020 மார்ச்சில் மறுபடி ஓடவிட்டார்கள். நீங்கள் எடுக்கும் ஒரு பயணச்சீட்டு அந்தத் தடத்தைக் காக்கிறவர்களுக்குப் போகிறது.

பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். நேர அட்டவணையைக் கையோடு வைத்திருங்கள். விட்ட துண்டை வேறு நாளில் வந்து நடக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கரடி இருக்காமே? மணி கட்டிக்கிட்டா போதுமா?

இருக்கிறது, மார்பில் வெள்ளைப் பிறை உள்ள ஆசியக் கருங்கரடி. மணி கட்டாயம். ஆனால் மழை நாளில் மணி மட்டும் போதாது. இலைமேல் மழை விழும் சத்தத்திலும் ஓடை இரைச்சலிலும் அது சில அடிகளுக்கு அப்பால் கேட்காது. காற்று எதிரே வந்தால் உங்கள் வாடையும் கரடிக்குப் போய்ச்சேராது. வளைவுகளிலும் ஓடைக்கரையிலும் கைதட்டுங்கள், உரக்கப் பேசுங்கள். நான் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிக்கொண்டே போனேன். மூடுபனியில் அந்தி நேரக் காட்டு நடையைத் தவிர்த்துவிடுங்கள்.

சொட்டச் சொட்ட நனைஞ்சு போனா தங்கற வீட்ல உள்ள விடுவாங்களா?

விடுவார்கள், அன்பாகவே விடுவார்கள். ஆனால் முறை உண்டு. அங்கே பெரும்பாலும் 'மின்ஷுகு' என்ற குடும்பங்கள் நடத்தும் தங்குவீடுகள். வாசலில் 'கென்கான்' என்ற தாழ்ந்த இடம் இருக்கும். செருப்பு, ஈர மழையுடை, குடை எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். ஈரக் காலுறையோடு மேல்படியில் ஏறக் கூடாது. ஒரு சிறு துண்டைப் பையின் வெளிப் பாக்கெட்டில் வைத்திருந்து, காலைத் துடைத்துக்கொண்டு ஏறுங்கள்.

நான் இறங்கிய வீட்டில் பாட்டியம்மா என் ஷூக்களைப் பார்த்ததும் பழைய செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தாளையும் தளர்வாகக் கசக்கி, விரல்நுனி வரை உள்ளே திணித்தார். இறுக்கித் திணித்தால் ஈரத்தை இழுக்காது என்று சைகையில் காட்டினார். இரவு படுக்கும் முன் ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைக்க வேண்டும். காலையில் முழுக்கக் காயவில்லை என்றாலும் போட்டுக்கொள்ளும்படி இருந்தது. குளியல்தொட்டி வெந்நீரில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும், தொட்டி எல்லோருக்கும் பொது. வருவது தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள். மழை நாளில் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பணம் ரொக்கமாக வைத்திருங்கள்.

நான் சுத்த சைவம். மழைல சூடா என்ன சாப்பிடறது?

கடினம்தான். அது மீனவர் கரை, சூப்பென்றாலே மீன்கருவாட்டுச் சாறான 'தாஷி' இருக்கும். ஹச்சினொஹேயின் கோதுமை அப்பள சூப், இவாதேயின் 'ஹித்சுமி' என்ற பிய்த்துப் போட்ட மாவு சூப், இரண்டும் மழைக்கு அமிர்தம். ஆனால் அவற்றிலும் பொதுவாக மீனோ கோழியோ சாறாக இருக்கும். மின்ஷுகுவில் முன்பதிவு செய்யும்போதே மீன், இறைச்சி, தாஷி மூன்றும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். வந்து நின்று சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

வழியில் உப்புப்போட்ட வெறும் சோற்றுருண்டை, ஊறுகாய்ப் பழம் வைத்த 'உமே' உருண்டை கிடைக்கும். உமேயிலும் சிலவற்றில் மீன்தூள் சேர்க்கிறார்கள், உறையைப் படித்துப் பாருங்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி கொண்டுபோங்கள். கன்வீனியன்ஸ் கடைகளில் வெந்நீர் இருக்கும். இன்னொன்று: தானியங்கி எந்திரங்களில் சூடான டப்பா பானம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், கோடை வந்துவிட்டால் பெரும்பாலானவற்றில் குளிர்பானம்தான். சிறிய பிளாஸ்க் ஒன்று எடுத்துப்போனால் அதன் அருமை தெரியும்.

எவ்வளவு மழை பெய்தா நடக்கறதை நிறுத்தணும்?

மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று ஜப்பான் வானிலை நிறுவனம் சொல்கிறது. 10 முதல் 20 வரை என்றால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீரிலேயே கால் நனையும். 20-க்கு மேல் குடை பிடித்தாலும் நனைவீர்கள். 30-க்கு மேல் வாளியைக் கவிழ்த்த மாதிரி. நான் வைத்துக்கொண்ட கணக்கு: 10 வரை சாலையிலும் எளிய காட்டுவழியிலும் நடப்பேன், 10-க்கு மேல் ரயில் அல்லது ஓய்வு. யமசே வீசினால் இந்தக் கணக்கும் செல்லாது, காரணத்தை மூன்றாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

அதோடு பேரிடர் எச்சரிக்கை ஐந்து நிலைகளில் வரும். 4 என்றால் ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். 3 வந்தாலே, ஊர் தெரியாத நாம் கிளம்பிவிடுவது நல்லது. புயல் என்றால் பேச்சே இல்லை. 2016 ஆகஸ்டில் ஒரு புயல் நேராக இவாதே கரையில் ஏறியது. மலை ஆறுகள் சில மணி நேரத்தில் பெருகி உயிர்களைக் கொண்டுபோயின. புயலுக்கு ரயிலும் முன்கூட்டியே நிறுத்தப்படும், ஆகவே ஒரு நாள் முன்பே பெரிய ஊருக்குப் போய்விடுங்கள்.

மழைல நடந்துட்டு இருக்கறப்பவே நிலநடுக்கம் வந்தா என்ன பண்றது?

கடலோரத்தில் இருந்தால் உடனே மேட்டுக்கு. ஒலிபெருக்கி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பையைப் போட்டுவிட்டும் ஓடலாம். அந்தக் கரையில் 'த்சுனாமி தெந்தென்கோ' என்று ஒரு சொல் வழக்கு உண்டு. அவரவர் தனித்தனியே ஓடித் தப்புங்கள், யாரையும் தேடித் திரும்பாதீர்கள் என்று பொருள். கேட்க இரக்கமற்றதாகத் தோன்றும். தேடித் திரும்பியே குடும்பம் குடும்பமாக அழிந்த அனுபவம் சொல்ல வைத்தது.

மழையில் கூடுதலாக ஒரு கவனம்: ஊறிய மண்சரிவில் கண்டபடி ஏறாதீர்கள், நிலநடுக்கத்தில் அதுவே சரியும். ஊர்களில் தப்பும் வழிக்குப் பச்சைப் பலகையும் கான்கிரீட் படிகளும் இருக்கும். எந்தத் துறைக்குள் இறங்கினாலும் முதல் வேலையாக அந்தப் படி எங்கே என்று பார்த்துவைப்பது என் பழக்கமாகிவிட்டது. 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 'சுனாமி நீர் புகுந்த பகுதி இங்கிருந்து', 'இதுவரை' என்று பலகைகள் வரும். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இத்தனை பேர் செத்த இடத்துல நாம சுற்றுலா மாதிரி நடக்கறது சரியா?

நானும் இதே தயக்கத்தோடுதான் போனேன். 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையைப் பார்த்த எவருக்கும் இந்தத் தயக்கம் வரும். மியாகோ நகரைச் சேர்ந்த தாரோவில் 1896-லும் 1933-லும் ஊரே போனது. அதன்பின் 10 மீட்டர் உயரச் சுவர் எழுப்பினார்கள், 2011-ல் அலை அதையும் தாண்டியது. கீழ் இரண்டு தளங்களில் இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சி நிற்கும் ஆறுமாடி ஹோட்டலை இடிக்காமல் அப்படியே காக்கிறார்கள். பார்க்க வேண்டும், மறக்கக் கூடாது என்பதற்காகவே காக்கிறார்கள். அதற்குத் தெற்கே, அனேயோஷி என்ற சிற்றூரில், 1933-க்குப் பின் வைத்த ஒரு கல் இருக்கிறது: இதற்குக் கீழே வீடு கட்டாதே. கட்டவில்லை. 2011-ல் அங்கே கடல் 40 மீட்டர் உயரம்வரை ஏறியும் கல்லுக்கு மேலிருந்த வீடுகள் தப்பின.

சிரித்தபடி செல்ஃபி எடுக்காதீர்கள், ஈரப் பையோடு நினைவிடத்துக்குள் முட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர்களாகச் சொன்னால் ஒழிய யாரை இழந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அங்கே தங்குங்கள், சாப்பிடுங்கள், அங்கேயே வாங்குங்கள். நான் போன ஊர்களில் யாரும் ஏன் வந்தாய் என்று பார்க்கவில்லை. இந்த மழையில் வந்தாயே என்றுதான் கேட்டார்கள்.

திரும்பப் போவீங்களா?

அக்டோபர் கடைசியில், ஃபுதாயிலிருந்து. கிதயாமசாகியின் பாறைகளை இன்னும் பார்க்கவில்லை, த்சுகுவேஹமாவுக்கு இறங்கும் சுரங்கங்களும் பாக்கி. அன்றும் மழையென்றால் மேலே சாலையில் நடந்து, அதே பாட்டியம்மா வீட்டில் ஷூவைக் கழற்றுவேன். செய்தித்தாள் திணிக்க இப்போது எனக்கே தெரியும்.